ஏழு சக்கரங்களும் அவற்றுக்கான கற்களும்: தொடங்குபவர்களுக்கு ஓர் அறிமுகம்

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம், கருநீலம், ஊதா என்ற வரிசையில் ஏழு மணிகள். மீதி வட்டத்தை நிரப்பக் கரிய எரிமலைக்கல் மணிகள். இப்படிக் கோத்த கைச்சரம் ஒன்றை நீங்கள் யாருடைய மணிக்கட்டிலாவது பார்த்திருப்பீர்கள். 'ஏழு சக்கர பிரேஸ்லெட்' என்று அதற்குப் பெயர். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கல்?' என்பதுதான். விடை எளிது, கீழே சொல்கிறேன். ஆனால் சக்கரம் என்றால் என்ன, இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் தெரிந்துகொண்டால் கல்லைத் தேர்ந்தெடுப்பது தானாகவே எளிதாகிவிடும். தெரியாமல் வாங்குகிறவர்களைப் பயமுறுத்தி விற்பதும் நடக்கிறது. அதனால்தான் இந்த வரிசையில் எழுதுகிறேன்.

சக்கரம் என்ற சொல்லுக்கு வட்டம், உருளி என்று பொருள். யோக நூல்கள் அதையே பத்மம், அதாவது தாமரை என்றும் சொல்கின்றன. தமிழ் மரபில் வழங்கும் சொல் 'ஆதாரம்'. முதுகுத்தண்டின் வழியே சுழுமுனை என்ற நாடி, அதாவது சக்தி ஓடும் வழி, மேலே செல்கிறது. அதன் இருபுறமும் இடகலையும் பிங்கலையும். சுழுமுனையின் பாதையில் கீழிருந்து மேலாக ஆறு ஆதாரங்கள். அடியில் சுருண்டு உறங்கும் குண்டலினி என்ற சக்தி எழுந்து, ஆறையும் கடந்து, தலையுச்சியில் உள்ள ஆயிரம் இதழ்த் தாமரையைச் சேர்வதுதான் யோகியின் பயணம். அந்த உச்சித் தாமரை போய்ச் சேரும் இடம் என்பதால் பழைய கணக்கில் அது தனியாக நிற்கும். ஆதாரங்கள் ஆறு என்றே எண்ணுவார்கள். இன்று நாம் அதையும் சேர்த்து ஏழு என்கிறோம். எல்லா மரபிலும் இந்த எண்ணிக்கைதான் என்றும் இல்லை. பௌத்தத் தந்திர நூலான ஹேவஜ்ர தந்திரம் நான்கு சக்கரங்களைத்தான் சொல்கிறது.

இதிலிருந்தே ஒன்று புரிய வேண்டும். இவை உடலை அறுத்துப் பார்த்தால் தென்படும் உறுப்புகள் அல்ல. தியானத்தில் அமர்பவர் தம் உடலின்மேல் மனத்தால் வரைந்துகொள்ளும் இடங்கள். அலைகிற மனத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் நிலைகள். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் இத்தனை இதழ், இந்த வடிவம், இந்த பூதம், இந்த எழுத்து என்று அத்தனை நுணுக்கமான விவரம். மனம் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமல்லவா?

கீழிருந்து மேலாகப் போவோம். மூலாதாரம் முதுகுத்தண்டின் அடியில் இருக்கிறது. 4 இதழ், பூதம் மண், வடிவம் சதுரம், பீஜ எழுத்து (தியானத்தில் உச்சரிக்கும் விதை எழுத்து) லம். பெயரிலேயே வேர் இருக்கிறது. நிலைபெறுதல், பயமின்மை, 'என் காலடியில் தரை இருக்கிறது' என்ற உறுதி ஆகியவற்றை இதனோடு சேர்த்து எண்ணுவார்கள். அதற்குச் சற்று மேலே, அடிவயிற்றில் சுவாதிட்டானம். 6 இதழ், நீர், பிறை, வம். ஆசையும் படைப்பூக்கமும் இதன்பாற்பட்டவை.

தொப்புளில் மணிபூரகம். 10 இதழ், நெருப்பு, முக்கோணம், ரம். இந்தப் பெயரில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மணிகளால் நிறைந்த ஊர் என்று பொருள். கற்களைப் பற்றிப் பேச வந்த நாம் கவனிக்க வேண்டிய செய்தி இது: ஏழில் மணி என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருப்பது இது ஒன்றுதான். செரிக்கும் தீயும் செயல்படும் துணிவும் இங்கே.

நெஞ்சில் அனாகதம். 12 இதழ், காற்று, அறுமுனை நட்சத்திரம், யம். 'அனாகதம்' என்றால் அடிக்கப்படாதது. உலகில் நாம் கேட்கும் ஒலியெல்லாம் ஒன்றோடு ஒன்று மோதுவதால் பிறக்கிறது: தோலின்மேல் விரல், நரம்பின்மேல் வில். மோதல் இல்லாமலே ஒலிக்கும் ஓர் ஒலியை யோகி நெஞ்சுக்குள் கேட்கிறான் என்பது நம்பிக்கை. இதை 'அன்பின் சக்கரம்' என்று மட்டும் சுருக்கிச் சொல்லிவிடும்போது இந்த அழகான கருத்து காணாமல் போய்விடுகிறது. தொண்டையில் விசுத்தி, 16 இதழ், ஆகாயம், வட்டம், ஹம். தூய்மை என்று பொருள், பேச்சோடு தொடர்புடையது. புருவமத்தியில் ஆக்ஞை; 2 இதழ் மட்டும், ஓம். இங்கே ஐம்பூதங்களும் முடிந்து மனம் தொடங்குகிறது. உச்சியில் சகஸ்ராரம்.

ஆறு ஆதாரங்களின் இதழ்களையும் கூட்டிப் பாருங்கள்: 4, 6, 10, 12, 16, 2. மொத்தம் 50. வடமொழியின் ஐம்பது எழுத்துகளையும் இதழுக்கு ஒன்றாக வைத்தார்கள். எழுத்து என்றால் ஒலி. ஆக, உடல் முழுவதையும் ஒலியால் நிரப்பிவைத்த வரைபடம் இது. இதே எண்களைத் திருமூலரும் திருமந்திரத்தில் கணக்காகப் பாடியிருக்கிறார்.

நிறங்கள் எங்கிருந்து வந்தன?

இந்த இடத்தில் பலருக்கு வியப்பு காத்திருக்கிறது. மூலாதாரம் சிவப்பு, நெஞ்சு பச்சை, உச்சி ஊதா என்ற வானவில் வரிசை பழைய நூல்களில் இல்லை. வங்கத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் 1577இல் எழுதிய 'ஷட்சக்ர நிரூபணம்' சக்கரங்களை மிக விரிவாக விவரிக்கும் நூல். அதில் மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேகத்தின் கருமை. அனாகதத்தின் இதழ்கள் பந்தூக மலரின் சிவப்பு. விசுத்தி புகை படிந்த ஊதா. ஆக்ஞையும் சகஸ்ராரமும் நிலவின் வெண்மை. நெஞ்சில் பச்சையே கிடையாது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில் 1919இல் இந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மேற்குலகம் சக்கரங்களை விரிவாக அறிந்தது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். 1927இல் பிரம்மஞான சபையின் சார்லஸ் லெட்பீட்டர் தாம் கண்டதாகச் சொன்ன நிறங்களோடு வேறொரு நூல் எழுதினார். இன்று நாம் காணும் வானவில் வரிசை 1970களில் மேற்கில் நிலைபெற்றது. கற்களைச் சக்கரங்களோடு இணைத்த பட்டியல்களும் அந்த நிறங்களைப் பின்பற்றியே வந்தவை.

இதைச் சொல்வது எதையும் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. தாமரை பழையது, வானவில் புதியது. இரண்டுக்கும் வயது வேறு. 'ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல் சிகிச்சை' என்று யாராவது சொன்னால் நீங்கள் அமைதியாகத் தலையசைத்துவிட்டு, கல்லின் தரத்தை மட்டும் பார்க்கலாம். எளிதாக நினைவில் நிற்பதால் வானவில் வரிசையைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கல்?

மூலாதாரத்துக்குச் சிவப்பு ஜாஸ்பர், கார்னெட், கரிய டூர்மலின், ஹெமடைட். கையில் எடுத்தால் கனமாக, மண்ணின் தன்மையோடு இருக்கும் கற்கள். சுவாதிட்டானத்துக்குச் சூதுபவளம், கடைகளில் கார்னிலியன் என்பார்கள். மணிபூரகத்துக்கு சிட்ரின், புலிக்கண் கல். அனாகதத்துக்குப் பச்சை அவெஞ்சுரின், ஜேட், மாலகைட். இவற்றோடு ரோஸ் குவார்ட்ஸ். பச்சைச் சக்கரத்துக்கு இளஞ்சிவப்புக் கல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். புதிய மரபு நெஞ்சுக்கு இரண்டு நிறங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதுதான் காரணம். விசுத்திக்கு டர்காய்ஸ், அக்வாமரைன், வெளிர்நீல அகேட். ஆக்ஞைக்கு லாபிஸ் லசூலி, சோடலைட். செவ்வந்திக்கல்லை, அதாவது அமெதிஸ்டை, சிலர் ஆக்ஞைக்கும் சிலர் சகஸ்ராரத்துக்கும் வைப்பார்கள். சகஸ்ராரத்துக்கு ஸ்படிகம். ஒருவரின் பட்டியலும் இன்னொருவரின் பட்டியலும் முழுவதும் ஒத்துப்போவதில்லை; அதற்காகக் குழம்ப வேண்டாம்.

ஸ்படிகம், செவ்வந்திக்கல், சிட்ரின், ரோஸ் குவார்ட்ஸ், சூதுபவளம், புலிக்கண், அவெஞ்சுரின், ஜாஸ்பர் எல்லாமே ஒரே குடும்பம். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ்தான் அவற்றின் அடிப்படை. உள்ளே கலந்திருக்கும் இரும்பு போன்ற சிறு கலப்புகளும், துகள்களும், இழைகளும், மண்ணுக்குள் அவை கண்ட வெப்பமும் கதிர்வீச்சும் நிறத்தை மாற்றியிருக்கின்றன. செவ்வந்திக்கல்லைச் சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சள் வந்துவிடும். சந்தையில் கிடைக்கும் சிட்ரின் பெரும்பாலும் இப்படிச் சூடாக்கப்பட்ட செவ்வந்திக்கல்தான். உச்சிக்கு உரியது என்று வைத்த கல்லே ஒரு சூளையைக் கடந்து தொப்புளுக்கு உரியதாகிவிடுகிறது! நான் இதை முதன்முதலில் அறிந்தபோது ஏமாற்றம் அடையவில்லை. ஒரே பொருள் பல நிலைகளில் பல முகம் காட்டுவதாகத்தான் தோன்றியது. ஆனால் வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், விற்கிறவர் சொல்லவும் வேண்டும். இயற்கையான சிட்ரின் மென்மையான வைக்கோல் மஞ்சளாக இருக்கும். நுனியில் எரிந்த ஆரஞ்சும் அடியில் பால்வெள்ளையுமாகக் கொத்தாக இருந்தால் அது சூடாக்கப்பட்டது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நவரத்தினங்கள் வேறு, சக்கரக் கற்கள் வேறு. மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, பவளம் செவ்வாய்க்கு, மரகதம் புதனுக்கு, புஷ்பராகம் குருவுக்கு, வைரம் சுக்கிரனுக்கு, நீலம் சனிக்கு, கோமேதகம் ராகுவுக்கு, வைடூரியம் கேதுவுக்கு என்பது கிரகங்களை ஒட்டிய சோதிடக் கணக்கு. அங்கே ஜாதகம் பார்த்துக் கல் தேர்ந்தெடுப்பார்கள். சக்கரக் கற்களுக்கு ஜாதகமும் தேவையில்லை, ராசியும் தேவையில்லை. இரண்டையும் கலந்து, 'உங்கள் ராசிக்கு இந்தச் சக்கரக் கல் ஆகாது' என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு மரபுகளையும் சரியாகக் கற்கவில்லை.

கல் என்ன செய்கிறது?

இதில் நேராகப் பேசுவது என் கடமை என்று நினைக்கிறேன். கல்லை அணிவதால் நோய் தீரும் என்பதற்கு நம்பத்தகுந்த மருத்துவச் சான்று இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 2001இல் ஓர் ஆய்வை முன்வைத்தார். 80 பேரைச் சில நிமிடங்கள் கல்லைக் கையில் பிடித்துத் தியானிக்கச் சொன்னார்கள். சிலருக்கு உண்மையான குவார்ட்ஸ், சிலருக்குப் போலி. எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. கூச்சம், கதகதப்பு, அமைதி போன்ற உணர்வுகளை இரு சாராரும் ஒரேபோலச் சொன்னார்கள். என்னென்ன உணரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் அதிகமாக உணர்ந்தார்கள்.

'குவார்ட்ஸ் அதிர்கிறது, கைக்கடிகாரத்தில்கூட அதுதானே இருக்கிறது' என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-81இல் கண்டறிந்த தன்மை அது: அழுத்தினால் குவார்ட்ஸில் மின்னழுத்தம் பிறக்கும், மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்வது பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தால். உங்கள் கழுத்தில் தொங்கும் பதக்கத்துக்குப் பேட்டரி இல்லை. அது அதிர்வதும் இல்லை.

அப்படியானால் எதற்காக அணிவது? நான் அணிகிறேன், காரணம் சொல்கிறேன். மேலே பார்த்த விவரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: இதழ், வடிவம், எழுத்து எல்லாமே மனம் பற்றிக்கொள்ளும் பிடிமானங்கள். கல்லும் அப்படி ஒரு பிடிமானம். அது விரலால் தொடக்கூடியது. அவசரமான ஒரு நாளின் நடுவே மணிக்கட்டில் ஒரு குளிர்ந்த மணி படும்போது, 'காலையில் ஒன்றைத் தீர்மானித்தாயே' என்று நினைவு வருகிறது. கோபத்தோடு பேச வாய் திறக்கும் நேரத்தில் தொண்டைக் குழியில் கிடக்கும் நீலக் கல் ஒரு கணம் நிறுத்துகிறது. நிறுத்துவது நீங்கள்தான், கல் நினைவூட்டுகிறது. எனக்கு அது போதும்.

ஆகவே தொண்டை வலிக்கு நீலக் கல்லை நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். 'உங்களுக்கு நான்கு சக்கரங்கள் அடைபட்டிருக்கின்றன' என்று சொல்லி அடுத்த நிமிடமே நான்கு விலையுயர்ந்த கற்களை எடுத்து வைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மாலகைட் செம்புச் சேர்மம். அந்த நீர் உடலுக்குத் தீங்கு.

வாங்கும்போது

சில ஆண்டுகளுக்கு முன் டர்காய்ஸ் என்று நம்பி ஒரு சரம் வாங்கினேன். வானத்தின் நிறம், கறுப்பு நரம்புகள், பார்க்க அத்தனை அழகு. ஒரு நாள் எலாஸ்டிக் நூல் அறுந்து மணிகள் தரையில் சிதறின. பொறுக்கி எடுத்து மீண்டும் கோக்கும்போது ஒரு மணியின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே நீலம், துளையின் உட்சுவர் சுண்ணாம்பு வெள்ளை. ஹௌலைட் என்ற வெண்கல்லுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த மணியை எடுத்தாலும் முதலில் துளையைத்தான் பார்க்கிறேன். சாயம் துளையின் விளிம்பில் திட்டாகத் தேங்கி நிற்கும், அல்லது உள்ளே போகாமல் நின்றிருக்கும். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றினால் மலிவான சாயம் பஞ்சில் ஏறும்.

ஸ்படிகத்துக்கும் கண்ணாடிக்கும் வேறுபாடு காண உருப்பெருக்கி ஒன்று போதும். கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக் குமிழிகள் இருக்கும். ஸ்படிகத்துக்குள் மெல்லிய பிளவுகள், பனிப்படலம் போன்ற கோடுகள் இருக்கும். ஓபலைட் என்று பால்நீல ஒளியோடு விற்கப்படுவது கண்ணாடி. பொன்துகள் மின்னும் கோல்ட்ஸ்டோனும் கண்ணாடியே. காந்தத்தில் பலமாக ஒட்டும் ஹெமடைட் மணி மனிதர் செய்தது. இயற்கை ஹெமடைட் அப்படி ஒட்டாது. இவற்றை அணியக்கூடாது என்றில்லை, பெயர் தெரிந்து அணிய வேண்டும்.

அடுத்தது கடினத்தன்மை. 1812இல் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த 1 முதல் 10 வரையான அளவுகோலில் குவார்ட்ஸ் 7. டர்காய்ஸ் 5 முதல் 6, லாபிஸ் 5 முதல் 5.5, மாலகைட் 3.5 முதல் 4, செலினைட் 2. செலினைட்டை நகத்தாலேயே கீறலாம். ஒரே சரத்தில் குவார்ட்ஸ் மணிக்குப் பக்கத்தில் லாபிஸ் மணியைக் கோத்து நாள்தோறும் அணிந்தால், லாபிஸின் விளிம்பு பளபளப்பை இழந்து மங்கிவிடும். ஏழு கல் சரங்களில் இது சாதாரணமாக நடப்பது. மென்மையான கற்களைப் பதக்கமாகவோ காதணியாகவோ வைத்துக்கொள்ளுங்கள். கைக்கும் விரலுக்கும் குவார்ட்ஸ் குடும்பமே பொருத்தம். கற்களை உப்புநீரில் போட்டுச் 'சுத்தி' செய்யும் பழக்கம் டர்காய்ஸுக்கும் லாபிஸுக்கும் ஆகாது, செலினைட் தண்ணீரிலேயே மெல்லக் கரையும். உலர்ந்த மென்துணி எல்லாவற்றுக்கும் பொது. செவ்வந்திக்கல்லை வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும். மலிவான உலோகக் கொக்கிகளில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும்; அவர்களுக்கு வெள்ளி நல்லது.

ஏழையும் ஒன்றாக அணிவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. ஏழு நினைவூட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் காதில் விழாது. தொடங்குபவர் ஒரு சக்கரத்தை, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதனோடு இருக்கலாம். மரபு மூலாதாரத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது; எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் 108 மணிகள் கொண்ட ஸ்படிக மாலை வாங்குங்கள். இந்தப் பட்டியலில் ஜபத்துக்கென்று நெடுங்காலமாகக் கையில் உருண்டு வந்த கல் அதுதான். எந்தச் சக்கரத்தின் எழுத்தையும் அதில் எண்ணலாம்.

முதல் நாள் இப்படிச் செய்து பாருங்கள். சிவப்பு ஜாஸ்பர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து தரையில் அமருங்கள். கல் முதலில் குளிர்ச்சியாக இருக்கும். கவனம் முதுகுத்தண்டின் அடியில், தரை உங்களைத் தாங்கும் இடத்தில் இருக்கட்டும். ஒரு சதுரத்தை அங்கே மனத்தால் வரையுங்கள். மூச்சை விடும்போது 'லம்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். மனம் வேறெங்கோ போகும். போனது தெரிந்தவுடன் கல்லை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்ப வாருங்கள். பத்து நிமிடத்தில் கல் உங்கள் உடம்பின் சூட்டுக்கு வந்துவிடும். எங்கே கை முடிகிறது, எங்கே கல் தொடங்குகிறது என்று தெரியாது. அப்போது கண்ணைத் திறந்து, கல்லைத் துடைத்து, மறுநாள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.